ஆற்றோரக் காட்டின் சம்மதம்

பிப்ரவரி 9

சபாபதியின் புதிய பொழுதுபோக்குக்கு இன்று முதன்முறையாகத் துணை போனேன். உலோகம் கண்டறியும் கருவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார். நீண்ட தண்டு, அதன் அடியில் ஒரு வட்டத் தட்டு. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலிக்கும். பழங்காசு சேர்ப்பது இளமையிலிருந்தே அவருக்குள்ள பித்து. கரூரில் துணி ஏற்றுமதி செய்து ஈட்டிய பொருளில் ஒரு பங்கு அதில் கரைந்திருக்கிறது.

உரியவர் எழுத்து மூலம் சம்மதம் தராமல் எந்த நிலத்திலும் கால் வைப்பதில்லை என்பது நான் விதித்த நிபந்தனை. சம்மதம் கேட்பது என் பொறுப்பு. கருவியை இயக்குவது அவர் பொறுப்பு. நீதிமன்றம் போவதை நிறுத்தி ஓராண்டாகிறது. எழுத ஓர் ஆவணம் அமைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. கடிதத்தின் நிபந்தனைகளை நேற்றே வகுத்துவிட்டேன். ஒரு சாணுக்கு மேல் தோண்டக் கூடாது. தோண்டிய குழியை உடனே மூட வேண்டும். கிடைத்தது எதுவாயினும் அன்றே நிலத்துக்காரருக்குக் காட்ட வேண்டும். பழம்பொருள் எனில் ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நிபந்தனை நிலத்துக்காரரின் பாதுகாப்புக்காக நானே சேர்த்தது.

முதலில் பழனியப்பக் கவுண்டரிடம் போனோம். கருவியைப் பார்த்ததும் கட்டிலை விட்டு எழுந்தார்.

"டவர் போட அளக்க வந்த ஆளுகதான நீங்க?"

இல்லை என்று விளக்கினேன். கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க வக்கீலய்யா, என்ர காட்டுல தங்கம் இருந்தா நானே எடுத்துக்க மாட்டனுங்களா? இல்லீன்னா உங்களுக்கு அங்க என்னங்க சோலி?"

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். சபாபதி காரில் ஏறியதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

இரவு உணவின்போது மனைவி சுலோச்சனாவிடம் சொன்னேன். "அவரு பூமியத் தட்டறாரு, நீங்க கதவத் தட்டறீங்க. வயசான காலத்துல நல்ல சோடிதான்" என்றாள்.

தண்ணீர் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. நாளை ஆள் வருவான்.

பிப்ரவரி 17

இரண்டு இடங்களில் சம்மதம் கிடைத்தது. ஒரு லாடம், சில ஆணிகள், நசுங்கிய அலுமினிய டம்ளர். அனைத்தையும் நிலத்துக்காரர்களுக்குக் காட்டிக் கையொப்பம் பெற்றேன். "டம்ளரை நீங்களே வெச்சுக்கங்க, காப்பிக்கு ஆகும்" என்றார் ஒருவர்.

சபாபதி என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "ஏப்பா ஞானம், நீ நின்னு பேசுனா ஆளுக கதவத் தெறக்கறாங்க. என்ர மூஞ்சிக்கு நாயிகூட வால் ஆட்டாது."

முப்பதாண்டு நட்பில் அவர் என்னைப் பாராட்டிய தருணங்கள் குறைவு. ஆகவே பதிவு செய்கிறேன்.

மார்ச் 3

செங்காளிபாளையத்தில் அமராவதி ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு காட்டை, அதாவது புன்செய் நிலத்தைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும் என்று சபாபதி சில நாட்களாகச் சொல்லி வந்தார். ஏன் அந்தக் காடு என்று கேட்டேன். "ஆத்தோரம்ப்பா, பழைய வழித்தடம்" என்றார். புல எண், ஆற்றை நோக்கிய எல்லை எல்லாம் கடிதத்தில் தெளிவாக வர வேண்டும் என்றும், சம்மதம் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்றும், சான்றாக என் கையொப்பத்துடன் முத்திரையும் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கவனமுள்ள மனிதர் கேட்கக் கூடிய கோரிக்கைகளே.

நிலத்துக்காரர் வள்ளியாத்தாள். கணவர் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. மகள் திருப்பூரில். தனியாகவே வெள்ளாமை பார்க்கிறார். கடலை பிடுங்கி முடிந்த காடு வெறுமையாகக் கிடந்தது. ஆற்றுப் பக்கத்து மூலையில் ஒரு வேப்பமரம், அதனடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். கன்னிமார்.

நான் கடிதத்தைப் படித்தேன். அவர் ஒவ்வொரு நிபந்தனைக்கும் தலையசைத்தார். முடிந்ததும் சொன்னார்:

"எல்லாம் செரிங்க. ஆனா இதுல கையெழுத்துப் போட நானு ஆருங்க? இது கன்னிமாரு காடு. நானு பாடுபட்டுத் திங்கறவ, அவ்வளவுதானுங்க."

"பட்டா உங்கள் பெயரில்தானே இருக்கிறதம்மா?"

"பட்டா கவருமெண்டு குடுத்ததுங்க. காடு அவிய குடுத்தது. பூக் கேப்போம். வெள்ளை வந்தா நானு கையெழுத்துப் போடறன். செவப்பு வந்தா நீங்க வருத்தப்படாமப் போயிரோணும்."

முறையை விளக்கினார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே தெரியாமல் இலையில் சுற்றி, கற்களின் முன் வைத்துக் கற்பூரம் கொளுத்தி, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும். பூவை வாங்கிக் கட்டிக் கொண்டுவர வேண்டியவர் யார் என்று கேட்டேன்.

"கேக்கறவங்கதானுங்க. அவங்களுக்குத்தான காரியம் ஆகோணும்?"

பலன் பெறும் தரப்பின் கையிலேயே சாட்சியப் பொருளை ஒப்படைக்கும் முறை இது. நீதிமன்றத்தில் ஆட்சேபித்திருப்பேன். அங்கே ஆட்சேபிப்பது மரியாதையன்று.

மார்ச் 8

காலையில் கரூர்ப் பூக்கடையில் வெள்ளை அரளியும் செவ்வரளியும் வாங்கினோம். கற்பூரம் மறந்துபோனது. வழியில் ஒரு மளிகைக் கடைமுன் வண்டியை நிறுத்தி நான் இறங்கினேன். சில்லறை இல்லாமல் சற்றுத் தாமதமாயிற்று. திரும்பி வந்தபோது சபாபதி இரண்டு பொட்டலங்களையும் வாழையிலையில் சுற்றி நாரால் கட்டி முடித்திருந்தார். மிகவும் நேர்த்தியான கட்டு.

வள்ளியாத்தாள் குளித்து ஈரத் தலையோடு காத்திருந்தார். கற்பூரம் எரிந்தது. கண்களை மூடி வெகுநேரம் நின்றார். உதடுகள் அசைந்தன. பிறகு குனிந்து இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அவர் முகத்தில் ஏற்பட்ட நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை. காரியம் எங்களுடையது. மகிழ்ச்சி அவருடையதாக இருந்தது.

"அவிய செரின்னுட்டாங்க. குடுங்க காயிதத்த."

மற்றொரு பொட்டலத்தை மடியில் போட்டுக்கொண்டு, தெளிவான எழுத்தில் கையொப்பமிட்டார். நான் சான்றொப்பமிட்டு முத்திரை வைத்தேன். கிளம்பும்போது என்னைப் பார்த்து மட்டும் சொன்னார்: "உங்களப் பாத்துத்தானுங்க. அவரு ஆருன்னு எனக்குத் தெரியாது."

வீடு திரும்பியதும் காரின் பின் இருக்கையில் செவ்வரளி இருந்தது. தேவைக்கு மேல் வாங்கிவிட்டோம் போலும். சுலோச்சனா முருகன் படத்துக்குச் சாத்தினாள்.

சர்க்கரை அளவு சற்றுக் கூடியிருக்கிறது. அரிசியைக் குறைக்க வேண்டும்.

மார்ச் 10

ஆற்றோரக் காட்டில் தேடினோம். கிடைத்தவை: ஏரின் கொழுமுனை ஒன்று, மாட்டு மணியின் நாக்கு, ஆணிகள். வள்ளியாத்தாளுக்குக் காட்டினேன். கொழுமுனையைக் கையில் வாங்கி, "எங்க மாமனாருதா இருக்கும்" என்று முந்தானையில் துடைத்தார்.

சபாபதியின் ஈடுபாடு இன்று குறைவாக இருந்தது. ஒலி கேட்ட இடங்களில்கூடக் குனியவில்லை. பெரும்பொழுது கரையில் நின்று வற்றிய ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் காரணமாக இருக்கலாம். கடிதத்தை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மார்ச் 24

சபாபதி அழைக்கவில்லை. ஏற்றுமதி வேலை அதிகம் என்று அவர் மகன் சொன்னான்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வாழ்த்துச் சொல்ல அழைத்தேன். எடுக்கவில்லை. மோட்டார் மீண்டும் பழுது.

மே 19

ஈரோட்டில் சுலோச்சனாவின் தங்கை மகள் திருமணம். பந்தியில் என் அருகே உட்கார்ந்தவர் தம்மை நாகமாணிக்கம் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பழங்காசு வாங்கி விற்பவர். என் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்துவிட்டார்.

"கரூர் வக்கீல் திருஞானம்னா நீங்கதானுங்களா? அட! உங்க காயிதத்தத்தான் நானு மாசக்கணக்காப் பாத்துட்டிருக்கறன். நேருல இப்பத்தான் பாக்கறன்."

எந்தக் கடிதம் என்று கேட்டேன்.

"நம்ம சபாபதியண்ணன் குடுக்கறதுதானுங்க. மத்த ஏவாரிக சரக்க வாங்கறதுக்கு நெஞ்சு படபடங்கும். போலீசு வருமோ, ஆபீசரு வருவாரோன்னு. உங்க முத்திரை இருந்தாக் கண்ண மூடிட்டு வாங்கலாம். நிலத்துக்காரம்மா கையெழுத்து, புல எண்ணு, எல்லாம் அவ்வளவு சுத்தம்!"

கைப்பேசியில் காட்டினார். என் கடிதத்தின் நகல். அதை அடுத்துச் செப்புக் காசுகளின் படங்கள். கைப்பிடி கைப்பிடியாக. களிம்பு ஏறியவை, மணல் ஒட்டியவை.

"மணல் ஒட்டியிருக்கிறதே" என்றேன். செங்காளிபாளையத்துக் காடு செம்மண்.

"அதென்னுங்க, ஆத்தோரக் காடுதானுங்களே" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாயசம் ரெண்டாவது தடவ வருது, வுட்றாதீங்க" என்றார்.

ஆறு அரசு நிலம். அங்கே சம்மதம் தரக் கூடியவர் எவருமில்லை. ஆற்றில் எடுத்ததற்கு, ஆற்றை ஒட்டிய காட்டின் கடிதம். ஏன் அந்தக் காடு என்று மார்ச் மாதம் நான் கேட்ட கேள்விக்கு இன்று விடை கிடைத்தது.

திரும்பும் வழியில் சுலோச்சனா என் கையைத் தொட்டு, "ஏனுங்க, ஒண்ணும் சாப்பிடலயா?" என்றாள். சர்க்கரை என்று சொன்னேன்.

மே 21

சபாபதியை அவர் கிடங்கில் சந்தித்தேன். துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் எதிர்பார்த்தது மறுப்பு. அவர் மறுக்கவில்லை. அதுவே கடினமாக இருந்தது.

"ஆத்துல கெடந்தது ஆருதுப்பா?"

"அரசுடையது."

"அரசாங்கத்துக்குத் தெரியுமா, அங்க கெடந்துதுன்னு?"

"தெரியாதது உரிமையை அழிக்காது."

"பாத்தியா! இதுக்குத்தான் உன்னையக் கூட்டிட்டுப் போனது. இப்பிடிப் பேச எனக்கு வராது." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஞானம், உனக்கு என்ன நட்டம்? உன் கைக்கு ஒரு காசு வந்துதா? இல்ல. நீ சுத்தம். சுத்தமான ஆளு ஒருத்தன் பக்கத்துல வேணும், அவ்வளவுதான்."

"என்னிடம் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ எழுதிக் குடுத்திருப்பியா?"

மாட்டேன் என்றேன். "அப்புறமென்ன?" என்றார், கணக்கு முடிந்தவர் போல. வேலையாளைக் கூப்பிட்டு எனக்குச் சர்க்கரை போடாத காப்பி கொண்டுவரச் சொன்னார். என் மருத்துவ நிலை அவருக்கு நினைவிருக்கிறது. காப்பியைக் குடிக்காமல் வந்தேன்.

மே 22

மேற்படி சம்மதக் கடிதத்தை இனிப் பயன்படுத்தலாகாது என்று சபாபதிக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். ஆட்சியருக்குத் தெரிவிப்பது குறித்து யோசித்தேன். முப்பதாண்டுப் பழக்கமுள்ள ஒருவருக்குத் தம்மைத் திருத்திக்கொள்ள நியாயமான கால அவகாசம் தருவது முறை. காத்திருப்பதாக முடிவு செய்தேன்.

ஜூன் 16

பதில் இல்லை. காத்திருக்கிறேன்.

ஜூலை 4

வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து அழைப்பாணை கொடுத்தார். எங்கோ ஒரு கண்காட்சியில் காசுகள் அதிகாரிகளின் பார்வைக்குப் போயிருக்கின்றன. கூடவே இருந்த கடிதம் தாலுகா அலுவலகத்துக்கு வந்துவிட்டது. நான் சான்றொப்பமிட்டவன் என்ற முறையில் ஆகஸ்ட் 6 அன்று ஆஜராக வேண்டும்.

சபாபதி முன்னதாகவே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அதன் சாரத்தை ஆய்வாளர் தயக்கத்தோடு சொன்னார். காசுகளை வள்ளியாத்தாள் தம் காட்டில் கண்டெடுத்துச் சபாபதிக்கு விற்றாராம். ஆட்சியருக்கு அறிவிக்கத் தேவையில்லை என்று ஆலோசனை சொன்னவன் நானாம்.

"அந்தம்மா தனக்கு ஒண்ணும் தெரியாதுங்குது சார். ஆனா காயிதத்துல மூணாவது பாயிண்டு இருக்குதே. கிடைச்சதெல்லாம் அன்னிக்கே நிலத்துக்காரருக்குக் காட்டோணும்னு. அப்பக் காட்டியிருப்பாங்கதான? தெரிஞ்சும் மறைச்சா அந்தம்மாவும் உடந்தைதான?"

மூன்றாம் நிபந்தனை. அவருடைய பாதுகாப்புக்காக நான் சேர்த்தது.

புதையல் குறித்த சட்டத்தில் நிலத்துக்காரர் உடந்தையெனில் அவருக்கும் சிறை உண்டு. இதை நான் ஆய்வாளருக்கு நினைவூட்டவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜூலை 11

வள்ளியாத்தாள் வீட்டுக்கு வந்தார். பேருந்தில் வந்து, வழி விசாரித்து, நடந்து வந்திருக்கிறார். சுலோச்சனா நாற்காலி போட்டாள். விளிம்பில் உட்கார்ந்தார். காப்பியை மறுத்தார்.

"ஆடிப்பட்டம் தப்பிப் போயிரும் போலங்க வக்கீலய்யா. வெதைக் கடலை வீட்டுல கெடக்குது. கூலிக்கு ஒருத்தியும் வரமாட்டீங்கறா. கன்னிமாரு பொதையல எடுத்து வித்துப்போட்டாளாமா நானு. அந்தக் காட்டுல கால் வெச்சா புள்ளகுட்டிக்கு ஆகாதுன்னு எங்க ஊர்க் குப்பாயி சொல்லிப்போட்டா. கூலியாளுக அவ சொன்னாத்தான் வருவாங்க."

வழக்கைப் பற்றிப் பேசினேன். என்ன எதிர்வாதம் எடுக்கலாம் என்று விளக்கத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு இடைமறித்தார்.

"செயிலுக்குப் போறதப் பத்தி நானு கேக்க வரலீங்க. பூவப் பத்திக் கேக்க வந்தன்."

எடுக்காத பொட்டலத்தை அன்று ஆற்றில் விடப் போயிருக்கிறார். ஆற்றில் நீரில்லை. மணலில் போட மனமின்றிக் கிணற்றில் விடலாமென்று கொண்டுவந்தபோது நார் அவிழ்ந்திருக்கிறது.

"அதுலயும் வெள்ளதானுங்க இருந்துது."

சுலோச்சனா என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கே ஏன் சொல்லவில்லை?"

"கையெழுத்துப் போட்டாச்சுங்களே. அப்புறம், படிச்சவரு, வயசானவரு, நீங்க அப்பிடிச் செய்ய மாட்டீங்க, பூக்கடக்காரன் மாத்திக் குடுத்திருப்பான்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டன். சொல்லிச் சொல்லிப் பாத்தன். மனசு கேக்கல."

"பொட்டலத்தை நான் கட்டவில்லை அம்மா."

"கட்டுனது நீங்களா அவரான்னு நானு கேக்கலீங்க. உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேக்கறன்."

அதற்கு நான் அளித்த விடையை இங்கே பதிவு செய்யவில்லை. அவர் எழுந்து சுலோச்சனாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

சுலோச்சனா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். முருகன் படத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 12

சபாபதிக்குப் போன் செய்தேன். இம்முறை எடுத்தார். பூவைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தம்மா செவப்ப எடுத்துட்டா ஆறு மாசத்துக்கான காயிதம் போச்சே. அதுக்காகத்தான்."

"அவர் கும்பிடும் சாமியின் முன்னால் இப்படியா?"

"ஞானம், சாமிய நடுவுல இழுக்காத. அந்தச் செவப்புப் பூவக் காருல இருந்து எடுத்து உங்கூட்டுக்குக் கொண்டு போனது ஆரு? நீதான? வெளங்காமயா எடுத்துட்டுப் போன? முப்பத்தாறு வருசம் குறுக்கு விசாரணை பண்ணுனவன் நீ."

தொடர்பைத் துண்டித்தேன். அவர் கூற்றை நான் மறுக்கவில்லை என்பதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டிருக்கக் கூடும். அப்படி எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

ஜூலை 29

முன்னாள் சக வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டேன், பெயர்களைச் சொல்லாமல். "சான்றொப்பம் போட்டவன் கையெழுத்துக்கு மட்டும்தானே சாட்சி? உள்ளே நடந்தது தெரியாதுன்னு சொன்னாப் போதும். யாரும் தொட முடியாது" என்றார். சரியான ஆலோசனை. நானும் அதைத்தான் கொடுத்திருப்பேன்.

ஆகஸ்ட் 6

தாலுகா அலுவலகம். வள்ளியாத்தாள் தம்முடன் குப்பாயியையும் அழைத்து வந்திருந்தார். வராந்தாவில் இருவரும் ஒரே பெஞ்சில், இடையே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, உட்கார்ந்திருந்தார்கள்.

சபாபதி என்னைத் தூணருகே அழைத்தார். மெலிந்திருந்தார். "கையெழுத்துக்கு மட்டும் சாட்சின்னு சொல்லிட்டுப் போயிரு. உனக்கும் ஒண்ணுமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல. அந்தக் கெழவிக்கு அபராதத்தோட உட்ருவாங்க, அத நானே கட்டிர்றன்." என் சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டார். முப்பதாண்டாக நான் நீதிமன்றத்துக்குள் நுழையுமுன் அவர் எதிர்ப்பட்டால் இப்படிச் செய்வது வழக்கம்.

வட்டாட்சியர் இளம் பெண். மரியாதையாக நடத்தினார். கையொப்பம் என்னுடையதா என்று கேட்டார். என்னுடையது என்றேன். அதோடு முடித்திருக்கலாம்.

"இந்தச் சம்மதம் நிபந்தனைக்கு உட்பட்டது. பூக் கேட்டு வெள்ளை வந்தால் மட்டுமே கையொப்பம் என்று நிலத்துக்காரர் முன்கூட்டிச் சொன்னார். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவே வைக்கப்பட்டது. ஆகவே சம்மதம் வஞ்சகத்தால் பெறப்பட்டது."

"சார், பூவெல்லாம் ஸ்டேட்மென்ட்ல வேணுமா? எடுத்துட்டு எழுதிக்கலாமே."

"எடுக்க முடியாது அம்மா. அதுதான் சம்மதம். மற்றது காகிதம்."

வஞ்சகத்தால் பெற்றது சம்மதமே அன்று என்றேன். சம்மதம் இல்லையெனில் கடிதம் இல்லை. கடிதம் இல்லையெனில் மூன்றாம் நிபந்தனை இல்லை. காசுகள் அவருக்குக் காட்டப்பட்டன என்று அனுமானிக்க அடிப்படையும் இல்லை. காசுகளில் ஒட்டியிருந்தது ஆற்று மணல், அந்தக் காடு செம்மண், நேரில் பாருங்கள் என்றேன். ஆலோசனை எதுவும் நான் சொல்லவில்லை, மே மாதமே தெரிந்தும் ஆட்சியருக்கு எழுதாமல் இருந்தேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வட்டாட்சியர் எழுதுவதை நிறுத்தினார். "அப்படின்னா நீங்களும் அனுமதி இல்லாம அவங்க நிலத்துக்குள்ள போனவர்தான். உங்க முத்திரை பொய்யான கடிதத்துல இருக்கு. பார் கவுன்சில் வரைக்கும் போகும் சார்."

"போகும்."

"பூவை மாத்தினது உங்களுக்குத் தெரியுமா?"

அதே கேள்வி. வேறு வாய்.

"கட்டும்போது பார்க்கவில்லை. சிவப்புப் பூ மொத்தமும் காரிலேயே கிடந்ததைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. கேட்டால் சபாபதி என்னை மறுபடி அழைக்க மாட்டார் என்று தோன்றியது."

கடைசி வாக்கியத்தை எழுதலாமா என்று எழுத்தர் வட்டாட்சியரைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன்.

அதற்குள் வள்ளியாத்தாள் கதவருகே வந்து நின்றிருந்தார். "அந்தப் பூ எழுதுன எடத்த மட்டும் சத்தமாப் படிச்சுக் காட்டச் சொல்லுங்கம்மா. இவ கேக்கோணும்."

எழுத்தர் படித்தார். குப்பாயி முகவாயில் கை வைத்துக் கேட்டாள்.

"அடேங்கப்பா! படிச்சவங்க பூக் கட்டுனா ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்குமாட்ட இருக்குது" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு வள்ளியாத்தாளிடம் திரும்பி, "செரி, வா ஆத்தா. பஸ்ஸு போயிரும்" என்றாள். இருவரும் ஒன்றாகப் படியிறங்கினார்கள்.

சபாபதி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்தபடி ஒரே ஒரு சொல் சொன்னார். "துரோகி."

அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவன் நான் என்றுதான் இரண்டு மாதமாக நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 7

சுலோச்சனா இன்று பேசினாள். மோட்டாரை மாற்றிவிடலாம் என்றாள்.

செப்டம்பர் 12

வள்ளியாத்தாள் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. சபாபதி மீது வழக்குப் பதிவாகியிருக்கிறது. எனக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறது. பதிலில் எதையும் மறுக்கப் போவதில்லை. ஆகவே ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 22

பேருந்தில் செங்காளிபாளையம் போனேன். கையில் எந்தக் காகிதமும் இல்லை.

கடலைப் பட்டம் தப்பிவிட்டது. காட்டில் கொள்ளு விதைத்துக்கொண்டிருந்தார்கள். குப்பாயியின் குரல் தூரத்திலேயே கேட்டது. ஏர் ஓட்டிய டிராக்டர்காரனை எதற்கோ திட்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். வள்ளியாத்தாள் விதைக் கூடையை இடுப்பில் வைத்தபடி வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

வழியெல்லாம் நான் வாக்கியங்களை அமைத்துப் பார்த்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டுக் கேட்டேன்.

"உள்ளே வந்து கன்னிமாரைக் கும்பிட்டுவிட்டுப் போகட்டுமா அம்மா?"

என்னை வெகுநேரம் பார்த்தார். கோபம் தெரியவில்லை. அளந்து பார்ப்பது போல இருந்தது.

"கேட்டது செரிங்க வக்கீலய்யா" என்றார். "வேண்டாங்க."

தலையசைத்தேன். திரும்புவதற்குள், "வெயில்ல வந்திருக்கறீங்க, நில்லுங்க" என்றார். விதைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வேலிக்கு மேலாக நீட்டினாள். வேலியைத் தொடாமல் வாங்கி, நின்றபடியே குடித்தேன். குடித்து முடிக்கும்வரை வள்ளியாத்தாள் அங்கேயே நின்றார்.